ஊற்றுகளைப் பிடித்துக்கொண்டு போகும் சாலை

தெற்கு ஆஸ்திரேலியாவின் வரைபடத்தை விரித்தால், மரீ என்ற சிற்றூரிலிருந்து மார்லா வரை ஏறக்குறைய 620 கிலோமீட்டருக்கு ஒரு மண்சாலை ஓடுவது தெரியும். ஊட்னடாட்டா டிராக் என்று பெயர். இடையில் ஊர் என்று சொல்ல இரண்டுதான்: வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா. மரீயில் கிளம்பும் சாலை மேற்கே போகிறது, ஓர் உப்பு ஏரியின் தென்கரையைச் சுற்றுகிறது, வடக்கே ஏறுகிறது, ஊட்னடாட்டாவில் மறுபடி மேற்கே திரும்புகிறது. ஏரியைச் சுற்றுவது புரிகிறது. மற்ற வளைவுகள் எதற்கு? மலை குறுக்கிடவில்லை, வற்றாத ஆறும் இல்லை. காரணம் தரைக்குக் கீழே இருக்கிறது.

அவுட்பேக் என்றாலே ஒன்றுமில்லாத வெட்டவெளி, ஒரு சிவப்புப் பாறையைப் பார்க்க விமானத்தில் தாண்டிப் போகவேண்டிய இடம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அடிலெய்டுக்குக் குடிவந்த புதிதில் நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன். இந்தச் சாலையில் போய்வந்த பிறகு எனக்கு வேறு விதமாகத் தெரிகிறது. அங்கே ஒவ்வோர் ஊரும், ஒவ்வொரு இடிந்த சுவரும் தண்ணீரை நம்பி வந்தது அல்லது தண்ணீர் கைவிட்டதால் போனது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு போனால், அந்தப் பொட்டல்வெளியில் பார்ப்பதற்குக் குறைவே இல்லை.

அடிலெய்டிலிருந்து வடக்கே போகும்போது குவார்ன் ஊரை நெருங்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லையைத் தாண்டுகிறோம். கொய்டர் கோடு. 1865-ல் கடும் வறட்சி வந்தபோது, மாகாணத்தின் தலைமை நில அளவையாளரான ஜார்ஜ் கொய்டர் குதிரையிலேயே சுற்றி, எங்கே புல்பூண்டு மாறுகிறது என்று பார்த்து இந்தக் கோட்டைக் குறித்தார். இதற்குத் தெற்கே விவசாயம் செய்யலாம், வடக்கே மழையை நம்ப முடியாது என்பது அவர் கணக்கு. அடுத்த சில ஆண்டுகள் நல்ல மழை பெய்தது. உழுத நிலத்தைத் தேடி மழை வரும் என்று பேசி, கோட்டைத் தாண்டிக் கோதுமை விதைத்தார்கள். 1880-களில் வறட்சி திரும்பியது. குவார்னுக்கும் ஹாக்கருக்கும் இடையே சாலையோரத்தில் கூரையில்லாத கல்வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். எல்லாம் அந்தக் காலத்து நம்பிக்கைகள்.

அந்த வழியில் உள்ள இடிபாடுகளில் பெரியது கன்யாகா, கோதுமைக்காரர்களுக்கு முந்தையது. 1850-களின் தொடக்கத்தில் இங்கே பண்ணை வைத்த ஹியூ புரோபி என்ற இளைஞர் 1852-ல் இறந்துபோனார். இறந்தது தாகத்தால் அல்ல, வில்லோக்ரா ஓடையில் வந்த திடீர் வெள்ளத்தில். வறண்ட நாட்டில் வெள்ளத்தில் ஒருவர் செத்தார் என்பது முதலில் நம்ப முடியாததாக இருந்தது. அந்த ஓடைகளைப் பார்த்தால் புரிகிறது. படுகை முழுக்கக் கூழாங்கல், நடுவிலேயே பருத்த யூகலிப்டஸ் மரங்கள், அந்த மரங்களின் கவட்டில் ஆளுயரத்துக்கு மேலே எப்போதோ வந்த வெள்ளம் சொருகிவிட்டுப் போன சுள்ளிகள்.

ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனவே எனக்கு முக்கியமாகப் பட்ட இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, வில்பீனா பவுண்ட். மலைகள் வளையமாகச் சூழ்ந்த பெரிய பள்ளம். மேலிருந்து எடுத்த படத்தைப் பார்ப்பவர்கள் எரிமலை வாய் என்று நினைத்துவிடுகிறார்கள். எரிமலை அல்ல, மடிந்து உயர்ந்த பாறை அடுக்குகள் தேய்ந்து எஞ்சிய வடிவம். இது அட்ன்யமதன்ஹா என்னும் பூர்வகுடி மக்களின் இடம். அவர்கள் இதை இகாரா என்கிறார்கள், 2016 முதல் தேசியப் பூங்காவின் பெயரும் இகாரா-ஃபிளிண்டர்ஸ் ரேஞ்சஸ். அகுரா என்னும் இரண்டு பெரும் பாம்புகளின் உடல்தான் இந்த மலைச் சுவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. பாம்பின் தலையாகக் கருதப்படும் செயின்ட் மேரி சிகரத்தின் உச்சிக்கு ஏற வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். அதற்குக் கீழே உள்ள கணவாய் வரை போய் நின்றால் காட்சியில் எந்தக் குறையும் இல்லை. நாங்கள் அங்கேயே திரும்பினோம்.

இரண்டாவது, பிரச்சினா பள்ளத்தாக்கு. பாறை அடுக்குகள் சாய்ந்து கிடப்பதால், காரில் போகப் போகக் காலத்தில் பின்னோக்கிப் போகிறோம். வழிநெடுகப் பலகைகள் விளக்குகின்றன. 1946-ல் ரெஜ் ஸ்பிரிக் என்ற புவியியலாளர் இந்தத் தொடரின் மேற்குப் பக்கத்தில் உள்ள ஈடியாக்கரா குன்றுகளில் விசித்திரமான புதைபடிவங்களைக் கண்டெடுத்தார். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, எலும்போ ஓடோ இல்லாத மெல்லுடல் உயிர்கள் கடலடி மணலில் விட்டுப்போன பதிவுகள் அவை. 2004-ல் புவியியல் கால அட்டவணையில் ஈடியாக்கரன் என்றொரு காலகட்டமே சேர்க்கப்பட்டது. அதன் தொடக்கத்தைக் குறிக்கும் சிறிய உலோக வட்டு இந்தப் பள்ளத்தாக்கில் இனோரமா ஓடைக் கரைப் பாறையில் பதித்திருக்கிறது. உள்ளங்கையால் மறைத்துவிடலாம். உலகம் முழுக்க ஒரு காலகட்டத்தின் தொடக்கத்தை அளக்க இந்த இடத்தைத்தான் அடிப்படையாகக் கொள்கிறார்கள் என்பதை நினைத்தால் காலை எடுக்க மனம் வரவில்லை.

மரீக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். தார்ச்சாலை பின்னால் போய்விட்டது, கார் முழுக்கச் செம்புழுதி. பெரிய இரண்டுமாடி ஹோட்டல் ஒன்று, எதிரே ரயில் வராத ரயில்நிலையம், துருப்பிடித்த டீசல் எஞ்சின்கள், அங்கங்கே பேரீச்ச மரங்கள். பேரீச்சை இங்கே எப்படி என்று கேட்டால்தான் ஊரின் கதை தொடங்குகிறது.

1860-களிலிருந்து ஒட்டகங்களோடு ஆட்களும் கப்பலில் வந்திறங்கினார்கள். ஊரார் எல்லோரையும் ஆப்கானியர் என்றே அழைத்தார்கள். உண்மையில் பலுசிஸ்தான், பஞ்சாப், சிந்து, பெஷாவர் பக்கத்திலிருந்து வந்தவர்களும் அதில் அடக்கம், அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் குடிகள். மாட்டுவண்டி போக முடியாத இடத்துக்கெல்லாம் மாவு, கம்பி, மருந்து, ஆட்டுரோமம் எல்லாவற்றையும் இவர்களுடைய ஒட்டகங்கள்தான் சுமந்தன. இந்த நாட்டின் முதல் மசூதிகளில் ஒன்றை இவர்கள் மரீயில் கட்டினார்கள். இன்று நிற்பது பழையதைப் பார்த்து மறுபடி எழுப்பியது: மண்சுவர், மரத்தூண்கள், தழை வேய்ந்த கூரை, முன்னால் கைகால் கழுவ ஒரு சிறு தொட்டி. உள்ளே பத்துப் பேர் நெருக்கியடித்து உட்காரலாம். நான் குனிந்து நுழைந்தபோது மண்ணின் குளிர்ச்சி முகத்தில் பட்டது.

ரயில்பாதை அந்த ஊரை இரண்டாகப் பிரித்திருந்தது. ஒரு பக்கம் ஐரோப்பியர், மறுபக்கம் ஒட்டகக்காரர்களும் பூர்வகுடியினரும். 1901-க்குப் பிறகு வந்த வெள்ளை ஆஸ்திரேலியாக் கொள்கையில், எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும் ஒட்டகக்காரர்களுக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. பிறகு லாரி வந்தது, ஒட்டகத்துக்கு வேலை போயிற்று, பலர் அவற்றைச் சுட மனமில்லாமல் காட்டில் அவிழ்த்துவிட்டார்கள். அவற்றின் வழித்தோன்றல்கள் இன்றும் பாலையில் திரிகின்றன. அடிலெய்டிலிருந்து டார்வின் போகும் சொகுசு ரயிலுக்கு 'கான்' என்ற பெயர் வந்தது இவர்களால்தான். இவர்கள் குடும்பங்களின் பெயர்கள் மரீ கல்லறைத் தோட்டத்தில் இருக்கின்றன. போகிறவர்கள் ஒரு கால்மணி நேரம் அங்கே செலவிட வேண்டும் என்பது என் ஆசை.

மறுநாள் காலையில் மேற்கே கிளம்பினோம். வில்லியம் கிரீக் வரை 200 கிலோமீட்டர், இடையில் பெட்ரோல் கிடையாது. பழைய ரயில்பாதையின் கரை வலப்பக்கமோ இடப்பக்கமோ கூடவே வருகிறது, சில இடங்களில் இரும்புப் பாலங்கள் வறண்ட ஓடைகளுக்கு மேலே அப்படியே நிற்கின்றன. பாதி வழி தாண்டியதும் வாப்மா கடர்பு என்ற சிறு பாதுகாப்புப் பூங்காவுக்குத் திரும்பும் பலகை வரும். அதைத் தவறவிடக் கூடாது. இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

சுற்றிலும் உப்புப் பூத்த வெள்ளைத் தரை. நடுவில் மேடு. மரப்பலகை நடைபாதையில் ஏறி உச்சிக்குப் போனால், மேட்டின் தலையில் வட்டமாக ஒரு குளம், விளிம்பு முழுக்கப் பச்சைக் கோரை. பெயர் பிளாஞ்ச் கப். பக்கத்திலேயே பப்ளர் என்ற இன்னொரு ஊற்று. தண்ணீர் தெளிவாக இருக்கிறது, அடியில் சாம்பல்நிற மணல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணல் நடுவில் மெல்ல உப்புகிறது, வட்டமாக விரிகிறது, குமிழ்கள் மேலே வந்து உடைகின்றன, மணல் மடிந்து உள்ளே இறங்குகிறது. கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறது. பிறகு வேறோர் இடத்தில் உப்புகிறது. உலையில் அரிசி கொதிப்பதைப் போல, ஆனால் அடுப்பை யாரோ வேண்டுமென்றே சிறுதீயில் வைத்ததைப் போல. வழிந்த நீர் ஒரு கோடாக மேட்டிலிருந்து இறங்கி, கோரைப் புல்லை வளர்த்துக்கொண்டே போய், உப்புத்தரையில் காணாமல் போகிறது.

"இந்தத் தண்ணி எங்கேருந்துங்க வருது?" என்று கேட்டேன். பலகையைப் படித்துக்கொண்டிருந்த என் கணவர் கிழக்கே கையைக் காட்டினார். "குயின்ஸ்லாந்துலேருந்து. பத்து லட்சம் வருஷத்துக்கு மேல ஆயிருக்கலாம்னு போட்டிருக்கு."

கிரேட் ஆர்ட்டீசியன் படுகை என்பது ஆஸ்திரேலியக் கண்டத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான பரப்பின் கீழே, சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்திருக்கும் நிலத்தடி நீர்த்தேக்கம். பெரும்பாலும் கிழக்கே, கிரேட் டிவைடிங் மலைத்தொடரில் பெய்யும் மழை மணற்பாறைக்குள் இறங்கி, மேலே நீர் கசியாத பாறை மூடியிருக்க, அழுத்தத்தோடு தென்மேற்கே ஊர்ந்து வருகிறது. ஊர்ந்து என்பதுதான் சரி, ஆண்டுக்குச் சில மீட்டர்தான் நகரும். படுகையின் இந்த ஓரத்தில் பாறை மெலிந்து விரிசல் விட்ட இடங்களில் மேலே பீறிடுகிறது. வரும்போது கரைந்திருக்கும் தாதுக்கள் படிந்து, காற்று கொண்டுவரும் மணலும் சேர்ந்து, ஊற்றே தன்னைச் சுற்றி மேட்டைக் கட்டிக்கொள்கிறது. பக்கத்தில் வாழ்ந்து முடித்த பழைய ஊற்று ஒன்று, ஹாமில்டன் குன்று, நாற்பது மீட்டருக்கு மேல் உயர்ந்து வறண்டு நிற்கிறது. ஒரு காலத்தில் நீர்மட்ட அழுத்தம் அவ்வளவு உயரத்துக்கு இருந்திருக்கிறது.

இப்படி ஊற்றுகள் படுகையின் ஓரமாக ஒரு வளைவில் வரிசையாக இருக்கின்றன. சாலையின் வளைவு அந்த வளைவுதான். அரபனா என்னும் பூர்வகுடி மக்களும் அவர்களுடைய அண்டை மக்களும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஊற்றுக்கு ஊற்று நடந்த பாதை இது. ஃபிளிண்டர்ஸ் மலையின் செங்காவிக்காக நெடுந்தூரத்திலிருந்து ஆட்கள் இந்த வழியாக வந்துபோயிருக்கிறார்கள். ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் என்ற ஆய்வுப்பயணி 1850-களின் இறுதியில் இந்த ஊற்றுகளைப் பிடித்துக்கொண்டு வடக்கே போகத் தொடங்கி, 1862-ல் வடகடலைத் தொட்டார். அவர் போன வழியில் தந்திக் கம்பி வந்தது. 1872-ல் போர்ட் அகஸ்டாவையும் டார்வினையும் இணைத்த அந்தக் கம்பிக்கு இடையிடையே நிலையங்கள் வேண்டும், நிலையத்து ஆட்களுக்குத் தண்ணீர் வேண்டும். அதனால் ஸ்ட்ராங்வேஸ் ஊற்றிலும் பீக் ஊற்றிலும் கல்லால் நிலையம் கட்டினார்கள். இடிபாடுகள் இன்றும் இருக்கின்றன. டார்வினிலிருந்து கடலடிக் கம்பி ஜாவாவுக்கு, அங்கிருந்து சிங்கப்பூர், பினாங்கு, பிறகு நம்முடைய மதராஸ், அதற்கப்புறம் லண்டன். இந்த ஊற்றோரத்தில் உட்கார்ந்து ஒருவர் தட்டிய செய்தி மதராஸ் கடற்கரையில் கரையேறியிருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குச் சிலிர்த்தது. அடுத்து வந்த ரயிலுக்கும் நீராவிக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. 1884-ல் மரீ, 1891-ல் ஊட்னடாட்டா, 1929-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்று பாதை நீண்டது. வெள்ளம் வந்து அடிக்கடி தண்டவாளத்தை அரித்துக்கொண்டு போனதால், 1980-ல் மேற்கே புதிய பாதை போட்டு இதைக் கைவிட்டார்கள்.

ஊற்றுக்குள் உற்றுப் பார்த்தால் கடுகளவு நத்தைகள் தெரியும். இந்த ஊற்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனங்கள் அவற்றில் உண்டு. உப்புப்பாலையின் நடுவே தனித்தனித் தீவுகளாக இருக்கும் நீரில் தனித்தனியாக உருவானவை. இந்த ஊற்றுகளை நம்பி வாழும் உயிர்த்தொகுதி ஆஸ்திரேலியச் சட்டப்படி அழியும் ஆபத்தில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. காரணம் எளிது. 1878 முதல் படுகை முழுக்க ஆழ்துளைக் கிணறுகள் தோண்டினார்கள். அழுத்தத்தில் தானாகப் பீறிட்ட நீரை மூடாமல் திறந்த வாய்க்கால்களில் ஓடவிட்டார்கள், அதில் பெரும்பகுதி ஆவியாகவும் மண்ணுக்குள்ளும் போயிற்று. அழுத்தம் குறைந்தது, எத்தனையோ ஊற்றுகள் நின்றுபோயின. 1999 முதல் அரசு பணம் போட்டுக் கிணறுகளுக்கு மூடியிட்டு, வாய்க்கால்களைக் குழாய்களாக மாற்றிவருகிறது. சில இடங்களில் அழுத்தம் மீண்டிருக்கிறது. ஆனால் தெற்கே உள்ள ஒலிம்பிக் டாம் தாமிரச் சுரங்கம் 1980-களிலிருந்து இதே படுகையிலிருந்து தினமும் கோடிக்கணக்கான லிட்டர் எடுக்கிறது. ஊற்றுகள் தளர்வதைப் பற்றி அரபனா மக்கள் பலகாலமாகப் பேசிவருகிறார்கள். ஸ்பென்சர் வளைகுடாவில் கடல்நீரைச் சுத்திகரித்து வடக்கே குழாயில் கொண்டுபோகும் யோசனையும் பேசப்படுகிறது. தாமிரம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. பத்து லட்சம் ஆண்டு நடந்து வந்த நீரைத் தாதுவைக் கழுவச் செலவழிப்பது மட்டும் எனக்கு ஒப்பவில்லை.

வில்லியம் கிரீக்கில் நிரந்தரமாக இருப்பவர்கள் பத்துப் பேர் அளவுதான். 1887-ல் கட்டிய பப், விமான ஓடுபாதை, கூடாரம் போட இடம், அவ்வளவே. சுற்றியுள்ள நிலமெல்லாம் ஆனா கிரீக் மாட்டுப் பண்ணை, உலகிலேயே பெரியது என்று பெயர் வாங்கியது. சாலை சுற்றிவரும் அந்த உப்பு ஏரி, காட்டி தண்டா-ஏர் ஏரி, அதை இங்கிருந்து சிறு விமானத்தில் பார்க்கலாம்.

கடல்மட்டத்துக்கு 15 மீட்டர் கீழே, கண்டத்தின் மிகத் தாழ்ந்த இடம் அது. கண்டத்தின் ஆறில் ஒரு பங்கு நிலத்து நீர் அதை நோக்கித்தான் வடிகிறது, ஆனால் பெரும்பாலான ஆண்டுகளில் வழியிலேயே வற்றிவிடும். 1964-ல் டொனால்ட் காம்ப்பெல் அதன் உப்புத் தரையில் காரை ஓட்டி மணிக்கு 648 கிலோமீட்டர் என்று உலக சாதனை படைத்தார். முழு ஏரியும் நிறைந்ததற்கு இன்றும் 1974-ஐத்தான் சொல்வார்கள். 2025 மார்ச் இறுதியில் மேற்கு குயின்ஸ்லாந்தில் வரலாறு காணாத மழை பெய்தது. அங்கே வேலிகளும் மாடுகளும் அடித்துக்கொண்டு போயின. அந்த வெள்ளம் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் நகர்ந்து, மே மாதத்தில் ஏரியின் வடக்கே நுழைந்தது. நாங்கள் போனது அதற்கடுத்த குளிர்காலத்தில்.

மேலிருந்து பார்த்தபோது ஏரிக்கு ஒரு நிறம் என்று சொல்ல முடியவில்லை. ஓரத்தில் வெள்ளை, பிறகு பாசியால் இளஞ்சிவப்பு, பிறகு வானமும் நீரும் ஒன்றாகிவிட்ட சாம்பல்நீலம். அடிவானமே இல்லை. ஒரு மணல்திட்டில் வெண்புள்ளிகளாகத் தெரிந்தவை பெலிகன்கள் என்று விமானி சொன்னார். ஏரி நிரம்பியதும் கடற்கரைகளிலிருந்து பெலிகன்கள் வந்துவிடுகின்றன. அவற்றுக்கு யார் சொன்னது என்பது இன்னும் முழுதாக விளங்காத விஷயம். நீர் வற்றுவதற்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துப் பறக்கவும் வைக்க வேண்டும். ஏரி அரபனா மக்களுக்குப் புனிதமானது. அதில் இறங்க வேண்டாம், குளிக்க வேண்டாம், வண்டியை விட வேண்டாம் என்பது அவர்கள் வேண்டுகோள். கரையில் நின்றோ வானத்திலிருந்தோ பார்த்தாலே போதும், இறங்குவதால் கூடுதலாகக் கிடைப்பது எதுவுமில்லை.

வில்லியம் கிரீக்கிலிருந்து மேற்கே கூபர் பீடி. வழியில் டிங்கோ நாய்களைத் தடுக்கும் வேலியைத் தாண்டுகிறோம். கண்டத்தின் குறுக்கே 5,000 கிலோமீட்டருக்கு மேல் போகும் கம்பிவேலி, இங்கே சாலையில் ஒரு சாதாரணத் தடுப்பு. 1915 பிப்ரவரியில் வில்லி ஹட்சிசன் என்ற 14 வயதுப் பையன், தங்கம் தேடிவந்த அப்பாவின் குழுவோடு இருந்தவன், தண்ணீர் தேடிப் போய் ஓபல் என்ற ரத்தினக்கல்லைக் கண்டெடுத்தான். அதில்தான் ஊர் பிறந்தது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் பலர் இங்கே வந்து மண்ணைக் குடைந்து குடியேறினார்கள். வெளியே 45 டிகிரி அடிக்கும்போதும் அந்த நிலத்தடி வீடுகளில் ஏறக்குறைய 24 டிகிரிதான். நாங்கள் தங்கிய அறையின் சுவரில் குடையும் இயந்திரம் விட்டுப்போன வட்ட வட்ட வரிகள், வெள்ளையும் செம்மையும் கலந்த மணற்பாறை, விளக்கை அணைத்தால் விரல் தெரியாத இருட்டு. நன்றாகத் தூங்கினோம். செர்பிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயமும் நிலத்துக்குள்தான், அதன் சுவரில் புனிதர்களின் உருவங்களை நேரடியாகப் பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். சாயங்காலம் கான்கு-பிரேக்அவேஸ் போய்ப் பாருங்கள். மஞ்சளும் வெள்ளையும் காவியுமாகத் தேய்ந்த மேடுகள். 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கெல்லாம் கடல். அந்தக் கடலடி மண்ணில் பின்னாளில் சிலிக்கா கரைந்த நிலத்தடி நீர் விரிசல்களில் தேங்கி இறுகியதுதான் ஓபல்.

கூபர் பீடிக்குக் குடிநீர், ஊருக்கு வெளியே இருபது கிலோமீட்டருக்கும் மேலான தொலைவில் உள்ள ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. உப்பை நீக்கித்தான் குடிக்க முடியும். காசு போட்டுத் தண்ணீர் பிடிக்கும் குழாயில் நாங்கள் கேன்களை நிரப்பினோம். முன்னால் நின்ற பெரியவர் தன் முறை முடிந்ததும் குழாயின் கடைசிச் சொட்டுகள் நிற்கும்வரை கேனை எடுக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மே முதல் செப்டம்பர் வரை போங்கள், கோடையில் வேண்டாம். மழை பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள், மூடிய சாலையில் போனால் அபராதம். மரீயில் உள்ள பெரிய பலகை எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று காட்டும். இரண்டு ஸ்டெப்னி இருந்தால் நல்லது. டயர் காற்றைக் குறைத்து ஓட்டினால் வரிவரியான மேட்டில் குலுக்கல் குறையும். பெரும்பாலான தூரத்துக்கு செல்போன் சிக்னல் கிடையாது. வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்கவே கூடாது. ஊற்றுகளில் பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள், அந்த மேடுகள் காலடிக்கே நொறுங்கும். குளித்தே ஆக வேண்டுமென்றால் கவர்ட் ஸ்பிரிங்ஸ் முகாமில் அதற்கென்றே ஒரு தொட்டி கட்டியிருக்கிறார்கள்.

எங்களுக்கு இன்னும் டல்ஹவுசி ஊற்றுகள் பாக்கி. ஊட்னடாட்டாவுக்கு வடக்கே, விட்ஜிரா தேசியப் பூங்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊற்றுகள், ஒன்றில் வெந்நீர்க் குளமே இருக்கிறது. அதற்கு நல்ல ஃபோர்-வீல் டிரைவும் கூடுதல் நாட்களும் வேண்டும். வரும் ஜூனில் போவதாக இருக்கிறோம்.